சண்டை மூண்டால் முகம் தெளியும் தம்பி

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. சமூக விரோத ஆளுமைக் கோளாறு என்று மனநல மருத்துவர் சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூட நாளிலிருந்தே அடிதடி, பொய், வீட்டுப் பணத்தை எடுப்பது எல்லாம் உண்டு. எனக்குப் புரியாதது வேறு. வீடு அமைதியாக இருந்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது. எதையாவது கிளறி அம்மாவை அழவைப்பான். சண்டை முற்ற முற்ற அவன் முகம் தெளிந்துகொண்டே வரும். போன மாதம் அடைமழையில் ஹெல்மெட் போடாமல் பைக்கை விரட்டிக்கொண்டு போய் விழுந்து வந்தான். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிகிறது, இவன் சிரிக்கிறான். மற்றவர்கள் ஒதுங்கிப் போகும் விஷயத்தில் இவனுக்கு என்ன சந்தோஷம்? அவனுக்கு வலி பிடிக்கிறதா, எங்கள் அழுகை பிடிக்கிறதா? நாங்கள் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வலியா, அழுகையா என்று இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அப்படித்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். மழையில் பைக் ஓட்டுவதும் அம்மாவை வம்புக்கு இழுப்பதும் பார்ப்பவருக்கு ஒரே குணமாகத் தெரியலாம். அவற்றை ஓட்டும் காரணங்கள் வேறு வேறு. எது எதனால் வருகிறது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ஒரே அறிவுரையைச் சொல்லிக்கொண்டிருந்தால் வீட்டில் இருப்பவர்கள்தான் களைத்துப்போவார்கள்.

முதலில் மருத்துவர் சொன்ன பெயருக்கு என்ன அர்த்தம் என்று பார்த்துவிடுவோம். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வரையறையில் ஏழு அறிகுறிகள் இருக்கின்றன: சட்டத்தை மீறுவது, ஏமாற்றுவது, யோசிக்காமல் செய்வது, எரிச்சலும் அடிதடியும், தன் பாதுகாப்பையும் பிறர் பாதுகாப்பையும் பொருட்படுத்தாதது, பொறுப்பின்மை, செய்ததற்கு வருந்தாதது. இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், வயது 18 நிரம்பியிருக்க வேண்டும், 15 வயதுக்கு முன்பே நடத்தைக் கோளாறு, அதாவது அடிதடி, திருட்டு, விதிமீறல் போன்ற தொடர் நடத்தை, தொடங்கியிருக்க வேண்டும். துன்பத்தை ரசிப்பது என்று ஒரு அறிகுறி இந்தப் பட்டியலில் கிடையாது. இந்தக் கோளாறு உள்ள எல்லோரும் உங்கள் தம்பியைப் போல இருப்பதில்லை. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு வாழ்நாளில் ஏதாவது ஒரு பதற்றக் கோளாறு இருந்திருக்கிறது என்பதால், பயமே அறியாதவர்கள் என்ற பொதுப் பேச்சும் சரியில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நான் கீழே சொல்லப்போகும் ஆய்வுகளில் பல சைக்கோபதி குணங்கள் உள்ளவர்களிடம் செய்யப்பட்டவை. இரக்கமும் குற்ற உணர்வும் பயமும் குறைந்த குணங்களின் தொகுப்பு அது, இதைவிடக் குறுகிய வட்டம். உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த 20 அம்ச மதிப்பீட்டில் 40-க்கு 30 எடுத்தால்தான் வழக்கமாக அந்தப் பெயரே வைப்பார்கள். ஆனால் அந்த 20-இல் ஒன்று உங்கள் கடிதத்துக்கு நேராகப் பொருந்துகிறது: சீக்கிரம் சலித்துப்போவது, எப்போதும் ஏதாவது விறுவிறுப்பு தேவைப்படுவது.

அங்கிருந்தே தொடங்கலாம். அமைதியான வீடு உங்களுக்கு ஓய்வு. உடலின் இயல்பான விழிப்பு நிலையே தாழ்ந்திருப்பவருக்கு அதே அமைதி ஒரு வெறுமை. உள்ளே நமைச்சல் போல ஒன்று அரித்துக்கொண்டிருக்கும். ஆபத்தோ சத்தமோ சண்டையோ வந்தால் அந்த நிலை உயர்ந்து, மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும் இடத்துக்கு வருகிறது. சண்டையில் அவர் முகம் தெளிவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஹெர்பர்ட் குவே என்ற உளவியலாளர் 1965-இலேயே இந்த விளக்கத்தை முன்வைத்தார். பின்னால் வந்த இதயத் துடிப்பு ஆய்வுகள் இதற்கு வலுச் சேர்த்தன. ஸ்வீடனில் கட்டாய ராணுவ சேவைக்கான பரிசோதனைக்கு வந்த 7 லட்சத்துக்கும் அதிகமான இளைஞர்களின் ஓய்வு நிலைத் துடிப்பை, அவர்களுடைய பிற்கால வாழ்க்கையோடு ஒப்பிட்டு 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கும் கீழே துடிப்பு இருந்தவர்களுக்கு, 83 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களைவிட வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெறும் வாய்ப்பு 39 சதவீதம் கூடுதலாக இருந்தது. விபத்துக் காயங்களும் அவர்களுக்கே அதிகம். இதைப் படித்துவிட்டுத் தம்பியின் நாடியைப் பிடித்துப் பார்க்காதீர்கள். நன்றாக ஓடிப் பழகிய விளையாட்டு வீரருக்கும் துடிப்பு 60-க்குக் கீழேதான் இருக்கும். லட்சக்கணக்கானோரிடம் தெரியும் போக்கு அது. ஒருவரைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

சலிப்பு எவ்வளவு வலிமையானது என்று சந்தேகமிருந்தால் 2014-இல் வெளியான இன்னொரு ஆய்வைப் பாருங்கள். அதில் எந்தக் கோளாறும் இல்லாத சாதாரண ஆட்களை வெறும் அறையில் 15 நிமிடம் உட்காரவைத்தார்கள். செய்வதற்கு ஒன்றுமில்லை, ஒரு பட்டன் மட்டும் இருந்தது. அதை அழுத்தினால் ஷாக் அடிக்கும். அந்த ஷாக்கை ஏற்கெனவே வாங்கிப் பார்த்து, இது வேண்டாம், காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று சொன்னவர்கள் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேர், 24 பெண்களில் 6 பேர் அழுத்தினார்கள். சலிப்பு சாதாரண மனிதரையே இதைச் செய்யவைக்கிறது என்றால், நாள் முழுவதும் அதே சலிப்பில் இருப்பவரை யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, எச்சரிக்கை மணி. "பட்டும் புத்தி வரவில்லையே" என்று அம்மா சொல்லிக்கொண்டிருப்பார். அதைச் சோதனைக்கூடத்திலேயே பார்த்திருக்கிறார்கள். உளவியலாளர் டேவிட் லிக்கன் 1957-இல் செய்த சோதனையில் 20 கட்டங்கள் கொண்ட ஒரு புதிர். ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு நெம்புகோல்கள், ஒன்று சரியானது, தவறான மூன்றில் ஒன்று ஷாக் அடிக்கும். புதிரின் பாதையைச் சைக்கோபதி குணம் உள்ளவர்களும் மற்றவர்களைப் போலவே கற்றுக்கொண்டார்கள். ஷாக் அடிக்கும் நெம்புகோலை விலக்கத்தான் கற்கவில்லை. 1965-இல் ஹேர் செய்தது இன்னும் எளிது. 1 முதல் 12 வரை எண்கள் வரிசையாக வரும், 8 வந்ததும் ஷாக். மற்றவர்களுக்கு 8 நெருங்கும்போதே உள்ளங்கை வியர்க்கத் தொடங்கிவிடுகிறது. இவர்களுக்கு அந்த வியர்வை தாமதமாக, குறைவாகத்தான் வந்தது. நாளைக்கு வரப்போகும் வலி இன்றைக்கு உடம்பில் உறைப்பதில்லை என்பதுதான் விஷயம்.

உளவியலாளர் கிறிஸ்டோபர் பேட்ரிக்கின் 1993 ஆய்வு இதை இன்னும் கிட்டப்போய்ப் பார்த்தது. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் எல்லோருக்கும் கண் சிமிட்டும். கொடூரமான படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தச் சத்தம் கேட்டால் சிமிட்டல் பலமாக இருக்கும். இனிமையான படமென்றால் மெலிதாக இருக்கும். சிறையில் இருந்த, சைக்கோபதி மதிப்பீட்டில் உயர்ந்த ஆண்களுக்கு இரண்டு வகைப் படத்திலும் சிமிட்டல் மெலிதாகவே இருந்தது. கொடூரப் படம் அவர்கள் கவனத்தை ஈர்த்தது. ஆனால் தற்காத்துக்கொள்ளச் சொல்லும் அனிச்சைச் செயல் கிளம்பவில்லை.

பயத்துக்கும் குதூகலத்துக்கும் உடம்பு செய்வது ஏறக்குறைய ஒன்றே: இதயம் படபடக்கும், மூச்சு வாங்கும், வியர்க்கும். இதில் "ஆபத்து, விலகு" என்ற பகுதி மங்கிவிட்டால் எஞ்சுவது படபடப்பின் சுகம் மட்டும். பயம் வராததோடு நிற்காமல் அந்த நேரத்தை இவர்களில் சிலர் ரசிக்கவே செய்கிறார்கள் என்ற கருத்தை 2016-இல் ஓர் ஆய்வுக் குழு சோதித்துப் பார்த்தது. பயமூட்டும் காட்சிகளைப் பார்த்தபோது சைக்கோபதி குணங்கள் கூடுதலாக இருந்தவர்கள் உற்சாகம் அடைந்ததாகச் சொன்னார்கள். பேய்ப்படம் பார்ப்பவரும் ரோலர் கோஸ்டரில் ஏறுபவரும் ஓரளவு இதைத்தான் தேடுகிறார்கள். ஆனால் நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நினைப்பு அவர்களுக்கு அடியில் இருக்கிறது, அது உண்மையும்கூட. நனைந்த சாலையில் அந்த உத்தரவாதம் இல்லை. உங்கள் தம்பி அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

வலி பற்றிக் கேட்டீர்கள். காயத்தில் இன்பம் காண்கிறார் என்று நான் நினைக்கவில்லை. ஈவிரக்கமற்ற குணம் கூடக்கூட வலியைப் பொறுக்கும் அளவும் கூடுகிறது, வலிக்குமே என்ற பயமும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விழுந்த பிறகும் படபடப்பின் சுகம் தங்கியிருக்கிறது, வலி பின்னால் போய்விடுகிறது. இதில் ஒரு நடைமுறை ஆபத்து உண்டு. "வலிக்கவில்லை" என்று அவர் சொல்வதை மருத்துவத் தகவலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலையில் அடிபட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, அசாதாரணத் தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சில் குழறல், இவற்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். மண் பட்ட காயத்துக்கு டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள்.

இனி அம்மாவின் அழுகை. சண்டை உங்கள் தம்பிக்கு மூன்று விதமாக லாபம் தரலாம். ஒன்று, மேலே சொன்ன விறுவிறுப்பு. இரண்டு, ஆதிக்கம். கோபம் உபயோகமாக இருக்கும் என்று தெரிந்தால் மனிதர்கள் கோபத்தையே விரும்பித் தேர்ந்தெடுப்பார்கள் என்று 2008-இல் ஒரு சோதனை காட்டியது. சத்தம் போட்டால் பணம் கிடைக்கும், கேள்வி நின்றுபோகும், வீடே தன்னைச் சுற்றி நடக்கும் என்றால் கோபம் அவருக்குக் கசப்பான உணர்ச்சியாக ஏன் இருக்கப்போகிறது? மூன்றாவது, அடுத்தவர் வேதனையே சுகமாக இருப்பது. அப்படியும் சிலர் உண்டு. கடுமையான நடத்தைக் கோளாறு இருந்த எட்டு விடலைப் பையன்களை வைத்து 2009-இல் நடந்த மூளை ஸ்கேன் ஆய்வில், பிறர் வலியைப் பார்க்கும்போது பரிசு கிடைத்தால் வேலை செய்யும் பகுதியும் சேர்ந்து தூண்டப்பட்டது. எட்டே பேர் என்பதால் இதை வைத்துப் பெரிதாக முடிவு கட்ட வேண்டாம்.

உங்கள் வீட்டில் எது என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கேட்டது கிடைத்ததும் அடங்கிவிடுகிறாரா? அப்படியென்றால் ஆதிக்கம். யாரோடு வேண்டுமானாலும், காரணமே இல்லாமல், வெறும் பொழுதில் கிளறுகிறாரா? சலிப்பு. எதிர்த்துப் பேச முடியாதவர்களை, குழந்தைகளை, விலங்குகளைத் தேடிப்போய், அவர்கள் தளர்ந்த பிறகும் விடாமல் தொடர்கிறாரா? அப்போது கீழே கடைசியில் சொல்லும் பாதுகாப்பு ஏற்பாடுகள்தான் முதல் வேலை.

இதை நினைவிலிருந்து முடிவு செய்யாதீர்கள். ஒரு நோட்டுப் போட்டு 14 நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்கு, அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் என்ன செய்துகொண்டிருந்தார், முந்தைய இரவு எவ்வளவு தூங்கினார், குடித்திருந்தாரா, என்ன செய்தார், அடுத்த பத்து நிமிடத்தில் அவருக்கு என்ன கிடைத்தது. கடைசிக் கேள்விக்கான பதில்தான் முக்கியம், அதைத்தான் பலரும் எழுதாமல் விடுவார்கள். நோட்டு அவர் கையில் கிடைக்காத இடத்தில் இருக்கட்டும்.

சலிப்புதான் என்று தெரிந்தால் அந்த வெறும் பொழுதுக்கு முன்பே அதைவிட நல்ல விறுவிறுப்பை வைக்க வேண்டும். உடம்பை வருத்துவதாக, வேகமாக, விதிகளோடு, பயிற்சியாளர் மேற்பார்வையில் இருக்க வேண்டும்: வேக ஓட்டம், சுவரேற்றம், எடை தூக்குவது, நீச்சல். நாளுக்கு 45 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் என்று தொடங்கலாம். யோகா, நடைப்பயிற்சி என்று மென்மையாக ஆரம்பித்தால் நாலே நாளில் விட்டுவிடுவார், அந்த விளைவு அவருக்குப் போதாது. சில வாரங்களில் இதுவும் சலிக்கும், அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல் மாற்றுவதற்கு இன்னும் இரண்டைத் தயாராக வைத்திருங்கள். சூதாட்டமும் வேகப் போட்டியும் இதே தேவையைத் தீர்ப்பவைதான், அதனால்தான் அவை ஒட்டிக்கொள்கின்றன. வேலை தேடும்போதும் ஒரே நாற்காலியில் உட்காரும் வேலையைவிட இடம் மாறும், முடிவு உடனே தெரியும் வேலை நிலைக்கும்.

ஆதிக்கம் என்றால் லாபத்தை நிறுத்த வேண்டும். வீட்டில் எல்லோரும் ஒரே வாக்கியத்தை, ஒரே குரலில் சொல்லுங்கள்: "இப்போ இதைப் பேச மாட்டேன், சாயங்காலம் ஆறு மணிக்குப் பேசலாம்." சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேறுங்கள். ஆறு மணிக்கு உண்மையிலேயே பேசுங்கள். பெரும்பாலான வீடுகளில் இது எங்கே உடைகிறதென்றால், பலன் கிடைக்காத முதல் சில நாட்களில் அவர் இன்னும் சத்தமாகக் கிளறுவார். அது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் மசிந்து பணத்தைக் கொடுத்துவிட்டால், இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்று அவர் கற்றுக்கொள்வார். அதன் பிறகு நிறுத்துவது முன்னைவிடக் கடினம். அம்மா அழுவதில் தப்பே இல்லை, அழட்டும், வேறு அறையில், உங்கள் பக்கத்தில். கை ஓங்கும் பழக்கம் இருந்தால் மட்டும் இந்த முறையை மருத்துவரிடம் கேட்காமல் தொடங்காதீர்கள்.

எச்சரிக்கை உறைக்காத விஷயத்தில் "செத்துப்போவாய்டா" என்ற மிரட்டலால் பயனில்லை. இங்கே உளவியலாளர் ஜோசப் நியூமன் குழுவின் 1987 ஆய்வு உதவும். 100 சீட்டுகள், ஒவ்வொன்றாகத் திருப்பி விளையாடலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். முதல் பத்துச் சீட்டில் பெரும்பாலும் வெற்றி, அடுத்தடுத்த பத்துகளில் வெற்றி குறைந்துகொண்டே போய்க் கடைசியில் முழுத் தோல்வி. சைக்கோபதி குணம் உள்ள கைதிகள் நிறுத்தாமல் ஆடிப் பணத்தை இழந்தார்கள். ஆனால் ஒவ்வொரு சீட்டுக்குப் பிறகும் முடிவைக் காட்டி 5 விநாடி கட்டாயமாகக் காத்திருக்கவைத்தபோது அவர்களும் மற்றவர்களைப் போல நிறுத்தினார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் முடிவு இதுதான். அவர்களால் இழப்பைப் பார்க்க முடிகிறது. இலக்கை நோக்கிப் பாயும்போதுதான் பார்வை அதன் மேல் விழுவதில்லை.

ஆகவே பாய்ச்சலுக்கு நடுவே ஒரு தடை வையுங்கள். பைக் சாவி ஹெல்மெட்டுக்குள்ளே மாட்டியிருக்கட்டும். ஆன்லைனில் பணம் போகும் வழியில் இன்னொரு உறுதிப்படுத்தல் வையுங்கள். சண்டை இல்லாத நேரத்தில் அவரோடு பேசும்போது, "எங்களுக்கு எவ்வளவு வேதனை தெரியுமா" என்பதை விட்டு, "போன தடவை இதில் உனக்கு என்ன நஷ்டம்?" என்று கேளுங்கள். பேச்சு அவர் லாப நஷ்டத்தில் இருந்தால் காது கொடுப்பார். பாராட்டோ பரிசோ அன்றைக்கே, சிறியதாக, சொன்னபடி. மாதக் கடைசியில் தருகிறேன் என்பது அவருக்கு வெறும் பேச்சு.

சிகிச்சை பற்றிச் சுருக்கமாக. இந்தக் கோளாறுக்கென்றே வழக்கமாக மருந்து தர வேண்டாம் என்பதுதான் சிகிச்சை வழிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். குழுவாக நடத்தும் அறிதல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சையை, அது பரிந்துரைக்கிறது. ஆனால் கூடவே இருக்கும் குடி, போதை, மனச்சோர்வு, கவனக்குறைவு மிகைச் செயல்பாட்டுக் கோளாறு (ADHD) ஆகியவற்றுக்குச் சிகிச்சை உண்டு. அவை குறைந்தாலே வீடு பாதி அமைதியாகும். தூக்கம் மிகவும் குறைந்தும் களைப்பில்லாமல், வழக்கத்துக்கு மாறான உற்சாகத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ இருந்தால் அது மிகை உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறாகவும் இருக்கலாம். அதை நோட்டில் தனியாகக் குறியுங்கள். "வாழ்க்கை சப்பென்று இருக்கிறது" என்ற பேச்சோடு சாவைப் பற்றிய பேச்சும் சேர்ந்தால் விறுவிறுப்பு தேடுகிறார் என்று விட்டுவிடக் கூடாது. இந்தக் கோளாறு உள்ளவர்களுக்குத் தற்கொலை ஆபத்தும் விபத்து மரண ஆபத்தும் அதிகம். அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

கழுத்தை நெரித்தாலோ, ஆயுதத்தைக் கையில் எடுத்தாலோ, இன்ன நாளில் இன்னது செய்வேன் என்று குறிப்பாக மிரட்டினாலோ, அப்போது பேச்சுவார்த்தை வேண்டாம், வெளியேறி போலீசை அழையுங்கள். அதற்கு முன்பே அடையாள ஆவணங்கள், கொஞ்சம் பணம், மாத்திரைகள், சாவி எல்லாம் ஒரு பையில் இருக்கட்டும், போவதற்கு ஒரு வீடு பேசி வையுங்கள். அடி நடந்துகொண்டிருக்கும் வீட்டில் எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துக் குடும்ப ஆலோசனை தொடங்கக் கூடாது. அங்கே சொன்ன உண்மைக்கு வீட்டுக்கு வந்ததும் அம்மாதான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது நோட்டை எடுத்துப் போங்கள். 15 வயதுக்கு முந்தைய பள்ளி அறிக்கைகள் கிடைத்தால் அவற்றையும், தலையில் அடிபட்ட விவரங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குத் தனியாக, தம்பி இல்லாமல், ஒரு நேரம் கேட்டு வாங்குங்கள்.